கண்மலருக்கு வெள்ளி

ஜன்னலில் வெயில் ஏறியதும் மயிலாத்தாள் ஆணியில் தொங்கிய தன் முகத்தைக் கழற்றி ஒளிக்கு எதிரே பிடித்தாள். முகம் என்பது ஒரு முழ நீளப் பிலிம். பனியனில் படம் அச்சிடுவதற்கு முன் அந்தப் படத்தைக் கறுப்பாகப் பிலிமில் எடுத்துக்கொள்வார்கள். நல்லூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையின் இருட்டறையில் அந்த வேலையைப் பார்த்துவந்த அவள் கணவன் லிங்கசாமி, மணமான புதிதில், மீந்துபோன பிலிமொன்றில் அவள் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். நெற்றிச் சுருளும் மூக்குத்தியும் சிறு கரும்புள்ளிகளாக அதில் திரண்டிருந்தன. அன்று சிரித்துவிட்டு மாட்டிவைத்தாள். கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, அதை நிறுத்த மருந்தில்லை என்று கோயமுத்தூர் மருத்துவர் கைவிரித்த பிறகு அதுவே அவளுக்கு அளவுகோலாயிற்று. மற்றெல்லாம் புகையாய்க் கலங்கிய போதும் வெயிலுக்கு எதிரே பிடித்த அந்தக் கறுப்பு மட்டும் விளங்கியது. முதலில் முழு முகமும் தெரிந்தது. பிறகு கூந்தல் போயிற்று, பிறகு காதுகள். குளம் வற்றுவதுபோல் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிவந்தது.

"இன்னைக்கு எதுவரைக்கும் கண்ணு?" என்று லிங்கசாமி கேட்டான்.

"மூக்குத்தி இருக்குதுங்க. வாய் போயிருச்சு."

"பேச்சு போகலியே."

"அதும் போயிட்டா உங்களுக்குப் பொழுது போகாதுங்க."

அருள்புரத்துக் கம்பெனியொன்றில் அவள் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்துவந்த துணியில் ஓட்டையும் கறையும் கண்டுபிடிப்பது வேலை. ஓட்டையை விரலே சொல்லிவிடும். கறையை விரல் அறியாது. பக்கத்தில் நின்ற விஜயராணி தன் துணிகளோடு அவளுடையவற்றையும் சேர்த்துப் பார்த்து எவ்வளவோ நாள் மறைத்தாள். எண்ணெய்க் கறையோடு ஒரு கட்டு திரும்பி வந்த அன்று, மயிலாத்தாள் தானாகவே சோற்று வாளியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நோயுற்ற கண்ணுக்கு ஈடாக வெள்ளியில் இரண்டு கண்கள். கோயில் வாசற்கடையில் வாங்கிய சோடியை மஞ்சள் நீரில் இட்டுவைக்க, காலையில் அது கருத்துக் கிடந்தது. தட்டான் உரசிப் பார்த்து, தகரத்தின்மேல் பூச்சு என்றான். "பொய்க் கண்ணக் குடுத்தா ஆத்தா எந்தக் கண்ணத் திருப்பிக் குடுப்பா" என்று அவள் லிங்கசாமியிடம் கேட்டாள்.

அந்த மாதத்திலேயே பட்டறையில் கம்ப்யூட்டர் வந்தது. படத்தை அதுவே தாளில் மையாக அடித்துத் தந்துவிடும், இருட்டறைக்கு வேலையில்லை. முதலாளி தங்கதுரை பழைய பிலிம் கட்டுகளைக் காட்டி, "பரணை அடைச்சுட்டுக் கிடக்குது, எடுத்துக்கங்கண்ணா. உங்களுக்கு மடிக்கற எடத்துல ஒரு வேலை போட்டுத் தாரேன்" என்றான். பிலிமின் கறுப்பெல்லாம் வெள்ளியே என்பதை, இருட்டறையின் கழிவுநீரை வாங்கிப்போக வரும் வியாபாரி ஒருவன் லிங்கசாமிக்குச் சொல்லியிருந்தான். கழுவிச் சேற்றை எடுத்து உருக்கினால் வெள்ளி. கை படிந்தால் பக்கவருமானம். மற்றப் பட்டறைகளிலும் பரண்கள் உண்டு. எனினும் முதல் வெள்ளி அம்மனுக்கென்று இருவரும் பேசி வைத்தார்கள்.

ஞாயிறுதோறும் வீட்டுப் பின்புறத்தில் காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீர்த் தொட்டியில் பிலிம்கள் மிதந்தன. படங்கள் ஓரத்தில் சுருண்டு, தோல் உரிவதுபோல் நழுவி, கருஞ்சேறாக அடியில் தங்கின. கப்பல்களும் கரடிக்குட்டிகளும் யாரும் வாசிக்காத ஆங்கில எழுத்துகளும் போய்க் கண்ணாடிபோல் வெறும் தகடு எஞ்சியது. மயிலாத்தாளே அதைக் கழுவினாள். மருந்து பூசிய பக்கம் விரலில் ஒட்டும், கரையும்போது வழுக்கும், கரைந்து முடிந்தால் கிறீச்சென்று பேசும். கையுறை வாங்கித் தந்தும் போடவில்லை. "அதப் போட்டா வெரலுக்குத் தெரியறதில்லீங்க" என்றாள். விரல் நுனிகள் வெடித்து வெளுத்தன. கண் கைவிட்ட பின் அவளுக்கு மீந்திருந்தவை அந்த விரல்கள்தாம் என்பதை எண்ணுகையில், லிங்கசாமியின் வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும் அம்மன் பதிகம் அடி தவறியது. நாள்தோறும் பூசையில் அதைப் பாடுபவன் அவன். பார்வையைத் தா என்று கேட்கும் வரிகளை மட்டும் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நா கூசி விட்டுவிடுவான்.

அதே தெருவில் குடியிருந்த விஜயராணி ஒருநாள் பின்கதவில் தலை நீட்டினாள். "என்னக்கா, அண்ணாச்சி சாராயம் காச்சுதாவளோ? தெருவே நாறுது."

"சாராயமா இருந்தா இந்நேரத்துக்கு மெத்தை ஊடு கட்டியிருப்போமே விஜயா."

"கட்டும்போது சொல்லுக்கா, குடிவந்துருதேன்" என்று சிரித்தவள், மயிலாத்தாள் தன் முகத்தை நோக்காமல் கதவின் நிலையை நோக்கிப் பேசுவதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள்.

சேறு உலர்ந்து உருக்கும் நாள் வந்தது. தட்டானிடம் வெள்ளி உருக்கும் மண்கிண்ணமான மூசையும், கசடு பிரிக்கும் வெண்காரமும் வாங்கிக்கொண்டு முற்பகலில் திரும்பிய லிங்கசாமி, அடுப்பை ஊத மேசை விசிறியை எடுக்க அறைக்குள் போனான். ஜன்னலருகே ஆணி வெறுமையாக இருந்தது. பின்புறக் கொடியில் கழுவிய தகடுகள் வரிசையாய்க் காய்ந்தன. அவற்றுள் ஒன்றின் தலைப்பில் ஆணித்துளை இருந்தது. எடுத்துப் பார்த்தான். அதன் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெளிவாகத் தெரிந்தது.

"மயிலா, ஆணியில இருந்தது?"

"அதும் அந்தச் சேத்துலதானுங்க. முந்தாநாளே நனச்சுட்டேன்." அவள் அடுப்புக்கல்லைத் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள். "வெயில்ல வெச்சுப் பாத்தனுங்க. வெயிலுதான் இருந்துச்சு. திருப்பி வெச்சுப் பாத்தேன். அப்பறம் கையில தடவுனேன். மருந்து அப்படியே இருந்துச்சு. அப்ப பிலிமு மேல தப்பில்லீங்களே."

மூக்குத்தி எப்போது போயிற்று என்று அவன் கேட்டிருக்கவில்லை. சில நாட்களாகவே காலையில் கேட்பதை அவன் நிறுத்தியிருந்தான்.

"என்னைய எனக்குக் காட்டாதத வெச்சு என்ன பண்றதுங்க. ஆத்தாளுக்காச்சும் ஆகட்டும்."

"நான் பாத்துட்டிருந்தனே, மயிலா."

அடுப்புக்கல்லின் மேல் அவள் கை நின்றது. அவள் அதை எண்ணியிருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சேறு உலர்ந்திருந்த தட்டைத் தேடித் தொட்டு, அந்தக் கரும்பொடியில் விரல்களை மெல்ல அளைந்தாள். எடுத்துக் கொடுக்க ஏதேனும் மிச்சம் இருக்கக்கூடும் என்பதுபோல் அளைந்தாள்.

கரி கனன்றது. விசிறிக் காற்றில் பொடி முதலில் மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு புகைந்தது. பெரும்பகுதி புகையாகவே போயிற்று. லிங்கசாமி வெண்காரம் தூவினான். பதிகத்தைத் தொடங்கினான், பார்வையைக் கேட்கும் வரி வந்ததும், இம்முறை அதைத் தாண்டிப்போக மனமில்லாமல், அங்கேயே நிறுத்திக்கொண்டான். மூசையின் அடியில் கசடு விலகி ஒரு துளி திரண்டது. துவரம்பருப்பளவு இருக்கும். இமையில்லாத ஒன்றைப்போல் அது வெளிறி விழித்து நடுங்கியது.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"ரெண்டு கண்ணுக்கும் பத்துங்களா?"

அவன் துளியைப் பார்த்தான். ஒரு கண்ணின் கருமணிக்குக்கூட அது காணாது.

"பத்தும் கண்ணு."

மயிலாத்தாள் வெம்மை வந்த திசையில் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தாள். கைகள் சரியாக அடுப்பின் மேல் இருந்தன. முகம் மட்டும் சற்று விலகி, கொடியில் ஆடிய தகடுகளை நோக்கித் திரும்பியிருந்தது. வெயில் அவற்றினூடே தடையின்றி வந்து அவள் கண்களில் விழுந்தது. அவள் கண் கூசவில்லை.