பிசிறு இல்லாத வீடு

ஜவுளிக்கடையில் லிப்ட் ஓட்டிய பெண்ணின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருந்த கோடிக்கணக்கானவர்கள் முதன்முதலாக வாய்திறந்து பேசியது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். அந்த லிப்டில் எட்டுப் பேர் ஏறலாம், ஓட்டுபவளையும் சேர்த்து. எட்டுப் பேருக்கும் கேட்டது. சந்தை கலையும் நேரத்து இரைச்சல் போன்ற ஒன்றிலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகப் பிரிந்து வந்து, "பழத்தோல் ஏதாவது இருந்தா குடுங்களேன்" என்றது. ஒரு பெண்மணி கைப்பையைத் துழாவிவிட்டு, "இல்லையேப்பா" என்றாள். கதவு திறந்தது. எல்லாரும் போர்வை வாங்கப் போனார்கள்.

கடை ஆட்கள் எல்லாருக்கும் சீருடை தைத்தவள் அந்தப் பெண்ணின் அம்மா. நல்ல தையல்காரி, பிசிறு என்றால் மட்டும் ஆகாது. துணி வெட்ட ஒரு கத்தரி வைத்திருந்தது போல அடுப்படிக்கும் ஒன்று வைத்திருந்தாள். ரொட்டியின் பழுப்பு ஓரத்தை அதைக் கொண்டுதான் நறுக்கி எடுப்பாள். பழம் தோலை இழந்து, கீரை காம்பை இழந்து, மாவு மெல்லிய துணியில் இரண்டு முறை சலிக்கப்பட்டுத்தான் அந்த வீட்டுத் தட்டுக்கு வந்தது. வெட்டி எறிந்ததையெல்லாம் பக்கத்து வீட்டு ஆடு தின்று பளபளவென்று இருந்தது. இரண்டு மகள்களும் ஒரே பாத்திரத்தில்தான் சாப்பிட்டார்கள். சின்னவள் ஊசியாகவே இருந்தாள், பெரியவள் ஆண்டுக்கு ஆண்டு அகன்றாள். அம்மாவுக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரிந்திருந்தது. "கடையில யாருக்கும் தெரியாம எதையோ மேயுற." தங்கை தன் பங்குக்கு, "மேலயும் கீழயும் போறது பத்தாதுன்னு அக்கா இப்ப பக்கவாட்டுலயும் போறா" என்பாள். அதற்கு அம்மா சிரிப்பாள். பெரியவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது வழக்கம்.

ஒருநாள் பெரியவளின் சீருடைக் கோட்டின் நடுப்பொத்தான் தெறித்து ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியில் போய்ப் பட்டது. சூப்பர்வைசர் கத்தவில்லை. "மாசக் கடைசிக்குள்ள இந்தக் கோட்டுக்குள்ள வந்துரும்மா. இல்லேன்னா கோட்டு இங்கயே இருக்கட்டும், உள்ள வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். அவள் அம்மாவிடம் வந்து, பக்கத் தையலில் இரண்டு விரல் துணி மடங்கிக் கிடக்கிறதே, பிரித்து விடக்கூடாதா என்று கேட்டாள். அதே சூப்பர்வைசரின் தொப்பைக்காக அம்மா ஒவ்வொரு வருடமும் மூச்சுக்காட்டாமல் தையல் பிரித்துக் கொடுத்தவள்தான். ஊரார் உடம்புக்கு வேறு நியாயம். "நான் வெட்டுன அளவு தப்பாது. உன் உடம்புதான் தப்பு" என்று சொல்லி ரொட்டியைப் பாதியாக்கினாள்.

வயிற்றுக்குள் இருந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் கெஞ்சினார்கள். தோல் வேண்டாம், காம்பு போதும். காம்பு இல்லையென்றால் கொஞ்சம் தவிடு. அம்மாவின் காதுக்கு அது எதிர்ப்பேச்சு. மகள் ஆட்டின் வாளிக்குள் கைவிட்டு வாழைத்தோலை எடுத்துக் கடிப்பதைப் பார்த்த அன்று, அம்மா அவள் வாயைத் துணி அலசுவது போல அலசிவிட்டு மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "கூட்டம் ஜாஸ்தி. காலி பண்ணிடலாம்" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. உள்ளே அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுத் தேடுவதும், வரவரப் பதில் குறைவதும் லிப்டில் நின்றபடியே அவளுக்குக் கேட்டது. மிஞ்சியவர்கள் ஒரே ஒரு குலத்தார், ஒரு துண்டு ரொட்டியிலிருந்து நாலு துண்டைப் பிழிந்தெடுக்கத் தெரிந்தவர்கள். அதனால் அந்த வாரம் அவள் முன்னைவிட வேகமாகப் பெருத்தாள். அம்மா ரொட்டியையும் நிறுத்தி வெந்நீர் மட்டும் கொடுத்தாள்.

பிழிய எதுவும் இல்லாமல் போனதும் அவர்கள் குடல் சுவரை நக்கத் தொடங்கினார்கள். ஆரம்பிக்கும் முன் அனுமதி கேட்டார்கள். "மன்னிச்சுக்கம்மா, எங்களுக்கு வேற வழியில்ல." அவள் இரண்டாம் மாடிப் பொத்தானை அழுத்திக்கொண்டே, "பரவாயில்ல, சாப்பிடுங்க. உங்களுக்காவது வயிறு நிறையட்டும்" என்றாள். முதலில் குடல், பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று தின்றுகொண்டே உள்ளிருந்து வெளியே வந்தார்கள். மாதக் கடைசிக்கு முந்தின நாள் கோட்டு தானாக மூடிக்கொண்டது. அம்மா இரட்டை நூல் கோத்துப் பொத்தானை இறுக்கித் தைத்தாள். "இப்பவாவது கொஞ்சம் சாப்பிடட்டுமாம்மா?" என்று காலருக்குள்ளிருந்து மகளின் மெல்லிய குரல் கேட்டது. "மாசம் முடியட்டும்" என்று சொல்லி அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் காலை லிப்டின் முக்காலியில் சீருடை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. யாரோ "அஞ்சு" என்றதும் கை உயர்ந்து ஐந்தை அழுத்தியது. சூப்பர்வைசர் காலருக்கு மேலே சற்று நேரம் தேடிப் பார்த்தார், பிறகு கோட்டின் முதுகைத் தடவினார். ஒரு சுருக்கம் கிடையாது. "தையல்னா இதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். "நான்தான் சொன்னேனே, அளவு தப்பாதுன்னு" என்றாள் அம்மா. தங்கை அக்காவின் கட்டிலுக்கு மாறிக்கொண்டாள்.

ஓட்டுபவளுக்கு எடை இல்லாததால் இப்போது வாடிக்கையாளர்களே எட்டுப் பேர் ஏறுகிறார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கோட்டுக்குள்ளிருந்து, தோல் இருக்கிறதா என்று இன்னும் யாரோ கேட்கிறார்கள். ஏறியவர்கள் மரியாதையாக "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கதவு திறந்ததும் போர்வை வாங்கப் போகிறார்கள்.