இடது கைக்கு ஒரு சாண் மேலே

2016 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, லிங்கராஜபுரம் பேஸ்பால் கிளப்பின் ஹெர்பர்ட் அடித்த பந்து, அடுகோடி பேஸ்பால் கிளப்பின் ராஜேந்திரன் நீட்டிய இடது கைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. நின்றது என்றால் ஐந்து வருஷம் ஒரு மாதம் நின்றது. அன்று சிவாஜிநகர் மார்க்கெட்டில் வெங்காயம் கிலோ இருபது ரூபாய், வெயில் சுமார். பெங்களூரில் பேஸ்பால் கிளப்புகள் எப்படித் தொடங்கின என்று கேட்டால் ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு போட்டோ. எங்கள் கிளப்தான் முதல் என்று சொல்லாத ஆளை இன்னும் யாரும் பார்த்ததில்லை. அந்தக் கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் சௌகரியம். இந்தப் பந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் ஏராளம், அவர்களிலும் பாதிப் பேர் தங்கள் கண்ணையே சந்தேகப்பட்டார்கள்.

லிங்கராஜபுரம் கிளப் 2009ல் ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கியது. பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்த ஹெர்பர்ட்டுக்கு, ஆஸ்திரேலியாவில் இருந்த தங்கை மௌரீன் பதினான்கு தோல் கிளவுஸ்களை அனுப்பியிருந்தாள். விற்காமல் கிடந்த சரக்கு, சல்லிசாக வாங்கியது. பேஸ்பாலில் ஒரு கையில் கிளவுஸ் மாட்டிப் பந்தைப் பிடித்து, மறு கையால் எறிய வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் இடது கையில் மாட்டி வலது கையால் எறிவார்கள். மௌரீன் அனுப்பிய பதினான்கும் வலது கையில் மாட்டுபவை, இடது கைக்காரர்களுக்குச் செய்தவை. அதனால்தான் விற்கவில்லை. லிங்கராஜபுரத்தில் இது யாருக்கும் உறைக்கவே இல்லை. ஒரு பொருளை வாங்குவதென்றால் வலது கையால்தானே வாங்குவார்கள், நாலு பேர் பார்க்க எவன் இடது கையை நீட்டுவான்? எனவே எல்லோரும் வலது கையால் பிடித்து இடது கையால் எறியப் பழகினார்கள். முதல் மூன்று மாதம் பந்து காம்பவுண்டுச் சுவரிலும், தெருநாயின் மேலும், ஒரு மாருதி காரின் கண்ணாடியிலும் பட்டது. பிறகு கை பழகிவிட்டது. வலது கையால் வாங்குவதுதான் கிளப்பின் விதி என்று ஹெர்பர்ட் கடைச் சுவரில் பெயின்ட்டில் எழுதியும் வைத்தார். தெரியாமல் செய்த தப்பை விதியாக்கிவிட்டால் அப்புறம் அது தப்பில்லை என்பது எந்தச் சங்கத்துக்கும் தெரிந்த வித்தைதான்.

2013ல் அடுகோடியிலிருந்து ராஜேந்திரன் வந்து சேரக் கேட்டான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். மெஷின் அவன் வலது கையில் கட்டை விரலை மட்டும் விட்டுவைத்திருந்தது. இப்போது அதே இடத்தில் ஸ்டோரில் வேலை. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதும், கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குவதும் இடது கையால்தான். ஒவ்வொரு முறையும், “தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவான், ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது. கிரிக்கெட்டில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த ஆட்டத்தில் ஒரு கையால் பிடித்தால் போதும் என்று கேள்விப்பட்டு, இடது கையால் பிடித்து, கிளவுஸை வலது அக்குளில் இடுக்கி, பந்தை உருவி, அதே இடது கையால் எறிய வீட்டுச் சந்திலேயே பழகியிருந்தான். ஹெர்பர்ட் அதைப் பார்த்தார், நன்றாக இருக்கிறதென்றும் மனசுக்குள் பட்டது. ஆனால் சுவரைக் காட்டினார். “வாங்குற கை வலது கைப்பா. உனக்குன்னு ரூல மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.” ராஜேந்திரன் இரண்டு பஸ் மாறி அடுகோடிக்குப் போய், லேத் பட்டறை மஞ்சுநாத்தையும் இன்னும் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டு, இடது கையில் மாட்டும் கிளவுஸ்களைத் தைக்கக் கொடுத்தான். நகரத்தின் இரண்டாவது கிளப் இப்படிப் பிறந்தது. அடுகோடிக்காரர்களிடம் கேட்டால் அதுதான் முதல் கிளப்.

இரண்டு கிளப்புக்கும் ஆட இடம் ஒன்றுதான், லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையோரம் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமான மைதானம். ஊரில் காலி மனை என்று இருந்ததெல்லாம் அபார்ட்மென்ட் ஆகிக்கொண்டிருந்த காலம். தினம் இரண்டு தரப்பும் வந்து சண்டை போட்டதில் சலித்துப்போன டிரஸ்ட்காரர்கள், ஒரே மேட்ச், ஜெயித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை, முடிவு தெரியும்வரை யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நடுவராக ஆடிட்டர் தேசிகன் வந்தார். மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், விதிப் புத்தகத்தை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையில் வைத்திருந்த ஒரே மனிதர். கடைசி ஆட்டக்காரராக ஹெர்பர்ட் மட்டையோடு நின்றார். பந்து தரையில் விழுந்தால் லிங்கராஜபுரம் ஜெயிக்கும், பிடிபட்டால் அடுகோடி ஜெயிக்கும். ஹெர்பர்ட் ஓங்கி அடித்தார். பந்து ரயில் கம்பிக்கு மேலே போய்த் திரும்பி, ராஜேந்திரனை நோக்கி இறங்கி, அவன் இடது கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

முதலில் மஞ்சுநாத் தாவி அதைப் பிடிக்கப் பார்த்தான். பந்து சற்று ஒதுங்கி, அவன் போனதும் மறுபடி ராஜேந்திரன் கைக்கு மேலே வந்தது. பிறகு சந்தேகங்கள் தொடங்கின. ஹெர்பர்ட் கடையிலிருந்து கத்தரிக்கோலை வரவழைத்து, நைலான் நூல் இருக்கிறதா என்று பந்தைச் சுற்றிக் காற்றை வெட்டினார். மஞ்சுநாத் காந்தம் கொண்டுவந்தான், ஏனென்றால் பந்தைத் தைத்தது ஹெர்பர்ட், உள்ளே இரும்புத் தூள் வைத்திருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? தேசிகன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பந்து தரையிலும் இல்லை கையிலும் இல்லை, ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்றார். டிரஸ்ட்காரர்கள் கேட்டைப் பூட்டினார்கள். ராஜேந்திரன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறினான், பந்தும் கூடவே ஏறியது.

அதன் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கண்டக்டர் பந்துக்கும் டிக்கெட் கேட்டார். பீன்யா கேட்டில் செக்யூரிட்டி, கம்பெனிச் சரக்கு போகிறதோ என்று தினம் சாயங்காலம் அதைச் சுற்றி வந்து பார்த்தான். தெருக் கோயில் பூசாரிக்கு மட்டும் இதில் ஆச்சரியமே இல்லை, அவரும் அவன் இடது கைக்கு ஒரு சாண் மேலே இருந்துதான் எப்போதும் விபூதியைப் போடுவார். யாரும் பார்க்காதபோது பந்து தரையில் விழுந்து, ராஜேந்திரன் அதை எடுத்துப் பிடித்துவிட்டதாக நாடகமாடினால் என்ன செய்வது என்று லிங்கராஜபுரம் கிளப் தினேஷ் என்பவனை வேவு பார்க்க அனுப்பியது. தினேஷை வேவு பார்க்க அடுகோடி கிளப் வீணாவை நிறுத்தியது. ஒரே டீக்கடையில் இரண்டு வருஷம் நின்ற தினேஷும் வீணாவும் 2018ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று இரண்டு கிளப்பும் கல்யாணத்துக்குப் போகவில்லை. ராஜேந்திரனின் மனைவி சரசு முதல் வாரம் பயந்தாள், இரண்டாம் வாரம் எரிச்சலானாள், அப்புறம் அவன் சாப்பிட உட்கார்ந்தால் பந்து இடிக்காமல் தட்டைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொண்டாள்.

மைதானம் பூட்டியே கிடந்தது. புல் முட்டிவரை வளர்ந்தது, கார் பார்க்கிங்குக்குக் கேட்டு இரண்டு பேர் டிரஸ்டுக்கு நடந்தார்கள். ஆட இடமில்லாமல் அடுகோடிக்காரர்களே ராஜேந்திரனைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். ஹெர்பர்ட்டிடம் விலை போய்விட்டான் என்று ஒருவன் சொன்னான். மஞ்சுநாத் நேரிலேயே வந்து கேட்டான். “குரு, அந்த வலது கைய ஒரு தடவ நீட்டித்தான் பாரேன். கட்டை விரலு இருக்குதில்ல? பந்து வந்து உக்காந்துக்கும். கிரவுண்டு நம்மளுது ஆயிடும்.” வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்த ராஜேந்திரன், “ஊனக் கைய காட்டினாத்தான் வரும்னா, அந்தப் பந்து எனக்கு வாணாம் மஞ்சு” என்றான். நல்ல கையை நீட்டிக்கொண்டு நிற்பவனிடம் ஊனக் கையைக் கேட்கிற உலகத்தின் மேல் அவனுக்கு இருந்த கோபம் அன்றுதான் வெளியே வந்தது. மஞ்சுநாத் ஆறு மாதம் அவனோடு பேசவில்லை.

கொரோனாக் காலத்தில் பூட்டிய மாதா கோவில்கள் திறந்தபோது லிங்கராஜபுரம் பங்குச் சாமியார் ஒரு அறிவிப்பு செய்தார். இனி நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், நாக்கில் கிடையாது, கையில்தான். இடது கை மேலே, வலது கை கீழே, இடது உள்ளங்கையில் வாங்கி வலது கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும். ஐம்பது வருஷமாக நாக்கை நீட்டி வாங்கிய ஹெர்பர்ட்டும் வரிசையில் போய் இடது கையை மேலே வைத்து நீட்டினார். சாமியார் அப்பத்தை அதில் வைத்தார். பின்னால் நின்ற மகள் மரியா இதைப் பார்த்தாள். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்டாள்.

“டாடி, நன்மைய எந்தக் கையில வாங்கினீங்க?”

“சாமியார் சொன்னாரு, நீட்னேன். இதுல இன்னா?”

“ஆண்டவரே உங்க லெஃப்ட் கையில வந்து உக்காந்தாரு. ஒரு சாண் மேல நிக்கல. அந்த ஆளு கையில மட்டும் பந்து ஏன் நிக்குது? அடிச்சது நீங்க. நீங்கதான் இன்னும் விடாம புடிச்சுக்கினு இருக்கீங்க.”

ஹெர்பர்ட் சந்தேகப் பிராணியானதால் அடுத்த மூன்று ஞாயிறும் வரிசையில் பக்கவாட்டில் நின்று, யாருடைய இடது கையிலாவது அப்பம் இறங்கத் தயங்குகிறதா என்று கவனித்தார். எந்தக் கையிலும் தயங்கவில்லை, வட்டிக்கு விடுகிற ஒருவர் கையிலும் தயங்காமல்தான் இறங்கியது. மூன்றாவது ஞாயிறு, 2021 மார்ச் 14, பூசை முடிந்ததும் தேசிகனுக்குப் போன் செய்து, ஸ்கோர் நோட்டோடு அடுகோடிக்கு வரச் சொன்னார். அவன் பிடித்துவிட்டால் மைதானம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் வளர்த்த கிளப் தெருவில் நிற்கும். இருந்தும் பஸ் ஏறினார்.

பட்டறைச் சந்தில் ராஜேந்திரன் வீட்டு வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தினேஷும் வீணாவும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள், வீணா கையில் குழந்தை. ஹெர்பர்ட் பழக்க தோஷத்தில் பந்துக்கு மேலே ஒரு முறை கையை வீசி நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, “அவுட்டுன்னு எழுதுங்க சார்” என்றார். பந்து கையில் விழாமல் எழுத விதியில்லை என்று தேசிகன் மறுத்துவிட்டார். மஞ்சுநாத், இது லிங்கராஜபுரத்தின் புதுத் தந்திரம் என்று சத்தமாகச் சொன்னான். ஹெர்பர்ட் யாரையும் பார்க்காமல் ராஜேந்திரன் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு உன்ன அனுப்பியிருக்கக் கூடாதுப்பா. நீ நல்லா புடிச்ச, நான் பாத்தேன். இது உனக்குத்தான். வாங்கிக்கோ.”

ராஜேந்திரன் இடது கையைத் திறந்து நீட்டினான். பந்து இறங்கி உள்ளங்கையில் உட்கார்ந்தது. ஐந்து வருஷம் எடையில்லாமல் நின்ற பந்தின் கனத்தில் அவன் கை லேசாகத் தாழ்ந்தது, விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. “கனமா இருக்குது சரசு” என்றான். சரசு எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டாள். வீணா ஒரு பக்கமும் தினேஷ் ஒரு பக்கமும் போனில் தங்கள் தங்கள் கிளப்புக்குத் தகவல் சொன்னார்கள்.

பிறகு ராஜேந்திரன் பந்தை ஹெர்பர்ட்டிடம் திருப்பிக் கொடுக்க நீட்டினான், இடது கையால், ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்று சொல்லாமல். ஹெர்பர்ட்டின் வலது கை பாதிவரை வந்தது, நின்றது, கீழே போயிற்று. அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார். தேசிகன் ஸ்கோர் நோட்டைத் திறந்து, ‘ஹெர்பர்ட் அவுட், பிடித்தவர் ராஜேந்திரன், வெற்றி அடுகோடி’ என்று எழுதி, ஆட்டம் முடிந்த நேரம் பன்னிரண்டு பத்து என்று குறித்தார். எந்த வருஷத்துத் தேதி என்று யாரும் கேட்கவில்லை.