தொப்பி வைத்த திருஷ்டி பொம்மை

கிட்ட வாங்க கண்ணுகளா, இங்கிட்டு நிழல்ல நெருங்கி உக்காருங்க. தன் உருவம் சாரத்தில் தொங்குவதைத் தானே பார்த்துத் திகைத்துப்போன ஒரு தொரையின் கதை சொல்றேன்.

மகாராஜா காலம். ரெண்டாவது உலகச் சண்டை இன்னும் ஆரம்பிக்கலை. ஆவூருக்கு மேற்கே பொட்டலில், நெஞ்சுநோய்க்காரர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் படம் வரைந்து கட்ட வந்தவர் ஆர்வோ. பனி கொட்டுகிற பின்லாந்து தேசத்துக்காரர். அங்கே இத்தனை காலமும் அடுத்தவர் பேரில் எழும்பும் கட்டடங்களுக்குத்தான் கோடு இழுத்தார். அவர் தேசத்து டாக்டரம்மா ஒருத்தி இங்கிருந்து கூப்பிட்டதும் கப்பலேறிவிட்டார். அவர் பேரில் இதுதான் முதல் கட்டடம். இது பாதியில் நின்றால் திரும்பிப்போய்ச் சாகுமட்டும் அடுத்தவர் கோட்டைத்தான் இழுக்கணும்.

கட்டடமோ ஊர் காணாத மாதிரி. தூண் இல்லை, ஓடு இல்லை. வழவழவென்று வெள்ளைச் சுவர், மூலை திரும்பியும் விடாமல் ஓடுகிற ஜன்னல், மேலே தட்டை மச்சு. வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நல்லா இருக்கா, இல்லையா? அவர்கள் முகத்தை வைத்து ஆர்வோவால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்கிறவர்களும் தலையை ஆட்டினார்கள், யோசிக்கிறவர்களும் ஆட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை, கோணலாய் எழும்பிய சுவரை இடிக்கச் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இடித்துப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கோபித்துக்கொண்டார்களோ என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு அதே நினைப்பு.

திங்கள் காலையில் வந்தால், சாரத்து உச்சியில் அவரே தொங்குகிறார்.

வைக்கோல் உடம்பு. அவர் கழித்துப்போட்ட சட்டை, கிழிந்த தொப்பி. தலைக்கு மண்சட்டி, அதில் கரும்புள்ளி செம்புள்ளி, கரியால் வரைந்த கண்ணாடி. காதோரம் பென்சில்கூட இருந்தது. காற்று அடிக்க அடிக்க, வராதே போ என்று கை ஆட்டியது.

அவர் தேசத்தில் ஒருத்தரைப் போல பொம்மை செய்து தொங்கவிட்டால் ஒரே அர்த்தம்தான், ஒழிந்து போ என்று. நேரே ஜாகைக்குப் போனார், படங்களைச் சுருட்டினார், பெட்டியைக் கட்டினார். திருச்சிக்கு வண்டி பிடிக்கச் சொன்னார்.

இங்கிலீஷ் தெரிந்த அருள்சாமி வாத்தியார் பதறி ஓடிவந்தார். விஷயம் கேட்டதும் அவருக்குச் சிரிக்கவா அழவா தெரியவில்லை. பொம்மை கட்டிய சித்தாள் அடைக்கலமேரியையே கூட்டிவந்து நிறுத்தினார். சாந்து கையோடு வந்தாள்.

“என்னைய எதுக்குத் தூக்குல போட்டேன்னு கேக்குறாரு,” என்றார் வாத்தியார்.

“ஆத்தாடி. கண்ணு படாம இருக்கத்தானே கட்டுனேன். ஒப்பேறாத கட்டடத்துக்கு யாராச்சும் பொம்ம கட்டுவாகளா? கோணச் செவுரு நின்னப்ப கட்டலையே. இடிச்ச பொறவுதான் கட்டுனேன்.”

ஆர்வோ யோசித்தார். அப்படியென்றால் மற்ற வீடுகளில் மீசைக்காரப் பொம்மை இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் தன் முகம் என்று கேட்கச் சொன்னார்.

“ஊரே கட்டடத்த விட்டுட்டு ஒங்களத்தான தொரை பாக்குது? இந்தச் செவப்பும் தொப்பியும் எவன் கண்டான்? அதே மாதிரி ஒண்ணு மேல தொங்குனா கண்ணு பூரா அங்கிட்டுப் போயிரும்ல.”

இது புகழ்ச்சியா, கேலியா? ஆர்வோ வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையை ஆட்டினார். அதுவும் எந்த ஆட்டல் என்று தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்து படங்களை மறுபடி விரித்தார்.

ஆஸ்பத்திரி முடிந்து பாதிரிச் சாமியார் மந்திரித்த அன்றைக்குப் பொம்மையை இறக்கி, பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். தான் எரிவதை ஆர்வோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று பார்த்தார். துக்கமா சந்தோஷமா, அவருக்கே பிடிபடவில்லை.

தன் தேசத்துக்குத் திரும்பினார். அந்த ஆஸ்பத்திரியின் போட்டோவைப் பார்த்தே வேலை கொடுத்தார்களாம். சண்டையில் இடிந்த ஊர்களில் பள்ளிக்கூடம், நூலகம் என்று கட்டிப் பேரெடுத்தார். எங்கே சாரம் கட்டினாலும் உச்சியில் தொப்பி வைத்த வைக்கோல் பொம்மை ஒன்று பனியில் நனைந்தபடி தொங்கும். ஏன் என்று கேட்டால், தனக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் அது இல்லாமல் சுவர் எழுப்பக் கை வரவில்லை என்பாராம்.

எந்தக் கண்ணும் ஒங்க வாசலத் தாண்டி உள்ள வராம இருக்கட்டும் கண்ணுகளா. ஒங்க செவுரு கோணாம, அடுப்பு அணையாம, புள்ளகுட்டியோட நல்லா இருங்க.