எடைப் பட்டியலில் இல்லாத தேசிக்காய்

எழுபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, எழுபத்திரண்டிலிருந்தும் "வருந்துகிறோம்" வாங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? சுலக்சனாவுக்கு வந்தது. குடும்பத்திலேயே முதலில் பட்டம் எடுத்தவள் அவள்தான். எடுத்தது இயந்திரப் பொறியியல், செய்வது பொதிக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. அந்தக் கோபத்தில்தான் கனடாவின் ஸ்காபரோவில், அப்பார்ட்மென்ட் ஹோலில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டத் தொடங்கினாள். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. நுனிக்கு நுனி ஒரு மீற்றருக்குச் சற்று அதிகம், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.

கப்பலின் பெயர் 'கிரவாஷ்'. முதலாம் உலகப் போருக்குச் சில வருசம் முந்திய நாசகாரிக் கப்பல். முந்நூறு தொன், அறுபது மாலுமிகள், சோடி சோடியாக நான்கு புகைபோக்கி. ஏறிய அலை வழிந்தோட முன்பக்கத்தை ஆமை முதுகுபோல வளைத்திருந்தார்கள். ஐம்பத்தாறு மீற்றர் நீளத்துக்கு ஆறு மீற்றர்தான் அகலம். வேகம் வேண்டுமென்று ஒல்லியாகக் கட்டியவர்களே, சண்டை வந்ததும் வானொலிக் கம்பி, நீர்மூழ்கிக்குப் போடும் குண்டு என்று ஆளுக்கொரு சாமானை மேலே ஏற்றினார்கள். அதுவும் ஒவ்வோர் அலைக்கும் சரிந்து சரிந்து நிமிர்ந்தபடி, மத்தியதரைக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது.

"ஆர் எதை ஏத்தினாலும் ஓடிச்சுது, பாவம்," என்பாள் சுலக்சனா, தன் தங்கையைப் பற்றிச் சொல்வதுபோல.

தாய் புஸ்பராணிக்கு அதில் பிடித்த இடம் வேறு. போருக்கு முன் அது சைகோனுக்குப் போகிற வழியில் கொழும்பில் நிலக்கரி ஏற்றியதாம்.

"கொழும்பில கரி ஏத்தினதெண்டா உது எங்கட கப்பல்தான் பிள்ளை."

குடும்பத்துக்குத் தெரிந்த யூட்சன் அண்ணை, பக்கத்து மார்க்கம் நகரில் கப்பல் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவர். அங்கே ஓர் இடம் காலி. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "தமிழ்ப் பிள்ளை எண்டதுக்காக நான் பேர் குடுக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமை பார்க் குளத்துக்கு அதைக் கொண்டுவாரும். ஒழுங்கா ஓடினா பொஸ்ஸிட்டச் சொல்லுறன்."

ஞாயிறு காலை கப்பலைக் குளக்கரையில் வைத்துவிட்டு, ரிமோட்டை எடுக்கக் காருக்குப் போன சுலக்சனா திரும்பி வந்தபோது, கிரவாஷின் கொடிமரத்து உச்சியில் மூன்று தேசிக்காயும் நாலு மிளகாயும் தொங்கின.

"அம்மா! என்ன உது?"

"புது வாகனமெல்லே. சில்லிருந்தா அதுக்குக் கீழ வைச்சு நசிச்சிருப்பன். உதுக்குத்தான் சில்லில்லையே."

"கழட்டுங்கோ! அவர் வாறார்."

"அதுதான் கட்டினனான். ஊர்க்கண் படப்போகுது. அப்பான்ர டொயோட்டாவுக்கும் நான்தானே கட்டினனான். பதினாறு வருசம் ஓடிச்சுது."

"உது டொயோட்டா இல்லையம்மா!"

புஸ்பராணி நூலின் முடிச்சைத் தடவினாள். ஒபிஸ் கழுவிக் கழுவிப் பிளீச்சில் வெடித்த விரல்கள். அந்த விரல்கள்தான் அவளுடைய படிப்புக்குப் பீஸ் கட்டின. சுலக்சனா கழற்ற நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். உச்சியில் ஏறிய நூற்றைம்பது கிராம் என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான், யூட்சன் வந்ததும் கப்பலைத் தண்ணீரில் விட்டாள்.

நேராகப் போனபோது ராசாத்தி மாதிரிப் போனது. வாத்துகள்கூட வழி விட்டன.

"முழு வேகத்தில திருப்பும்," என்றார் யூட்சன்.

திருப்பினாள். கிரவாஷ் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. தேசிக்காய் தண்ணீரைத் தொட்டது. கவிழ்ந்தால் கப்பலோடு வேலையும் போச்சு. அவள் வேகத்தைக் குறைத்ததும், எழும்ப மனமில்லாதவள்போல அது மெல்ல நிமிர்ந்தது.

யூட்சன் அவளுடைய எடைப் பட்டியலை விரித்தார். ஒவ்வோர் ஆணியையும் நிறுத்து, அது இருக்கிற உயரத்தையும் எழுதி வைத்திருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். தேசிக்காயைத்தான் காணேல்ல."

'அம்மா கட்டினது' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. புஸ்பராணி முந்தானையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் தெரிஞ்சுதான் விட்டனான் அண்ணை. பிழை என்னிலதான்."

"அப்ப என்ன செய்யப்போறீர்? பிடுங்கி எறியப்போறீரோ?"

"ஏன் எறியவேணும்?" கோபம் குரலில் ஏறியது. "இடம் மாத்தினாச் சரி."

கப்பலைக் கரைக்கு இழுத்து, மேல்தட்டைத் திறந்து, மூன்று தேசிக்காயையும் பற்றரிக்குப் பக்கத்தில், அடித்தட்டோடு இறுக்கி வைத்து ஒட்டுநாடாவால் ஒட்டினாள். மிளகாய்க்குப் பாரமில்லை. அது உச்சியிலேயே நின்றது.

"அம்மா, கப்பலுக்குள்ள இருந்தாப் போதும்தானே?"

"எங்க இருந்தா என்ன, பார்க்கிறவன்ர கண்ணுக்குத் தெரியாட்டிலும் அது தன்ர வேலையச் செய்யும்."

மறுபடி முழு வேகம், மறுபடி திருப்பம். கொஞ்சம் ஆழமாக அமிழ்ந்து ஓடிய கிரவாஷ் இம்முறை லேசாகத் தலை சாய்த்து, சட்டென்று நிமிர்ந்து திரும்பியது. புஸ்பராணி கை தட்டியதில் வாத்துகள் கலைந்து பறந்தன.

"பட்டியலைத் திருத்தும்," என்று யூட்சன் பேனையை நீட்டினார்.

சுலக்சனா கடைசி வரியில் எழுதினாள்: தேசிக்காய், மூன்று, நூற்றைம்பது கிராம், அடித்தட்டு.

"உதை இங்கிலிசில எழுதும். பொஸ் வாசிக்கவேணும்."

"ஏன் உது கப்பலுக்குள்ள எண்டு கேப்பாரே அண்ணை."

"கேக்கட்டும். வியாழக்கிழமை பத்து மணிக்கு நீரே வந்து சொல்லும்."