ஸ்கேனர் நேயர் சங்கத்தின் நான்காம் விதி

"இதனால் ஹார்ட்செல் கவுண்டி மக்கள் யாவருக்கும், அவர்களுக்கு இனிப் பிறக்கவிருக்கும் சந்ததியாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஸ்கேனர் நேயர் சங்கத்தின் நான்காம் விதி இன்றுமுதல் என்றென்றைக்குமாக அமலுக்கு வருகிறது."

மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில், நாய்க்குட்டி விற்பனைக்கும் பழைய டிராக்டர் டயருக்கும் நடுவே இது ஒட்டப்பட்டிருந்தது. சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். ஹார்லனை நீக்கிய பிறகு நான்கு.

நீக்கியவர் தலைவர் வெர்லின் ஸ்டக்கி. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்கள் வானலையில் பேசுவதை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து ஸ்கேனர் என்னும் வானொலிப் பெட்டியில் எவரும் கேட்கலாம். அதே பெட்டியை உரிய அனுமதி இல்லாமல் காரில் வைத்தால் குற்றம். அதனால் கூட்டத்துக்கு ஸ்கேனரை எடுத்து வரும்போது வெர்லின் அதன் பேட்டரியைக் கழற்றித் தனியாக ஒரு காலுறைக்குள் முடிந்து வைப்பார். வழியில் எந்தப் போலீஸ்காரரும் அவரை நிறுத்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சங்கத்துக்கு முதலில் மூன்று விதிகள். கேட்டதை வெளியே சொல்லாதே. சம்பவ இடத்துக்குப் போகாதே. கேட்டதை வைத்து ஆதாயம் தேடாதே. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு கவிழ்ந்ததை ஸ்கேனரில் கேட்ட ஹார்லன், ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃபின் ஆள் செய்தி சொல்ல வாசலுக்கு வருவதற்குள் அந்தப் பண்ணைக்காரரின் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். அவள் மருத்துவமனைக்கு ஓடி, புருஷன் கண்ணை மூடும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹார்லனுக்கு ஒரு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். கேக்கை ஆதாயம் என்று வெர்லின் தீர்ப்பளித்தார். நான்காம் விதி அதிலிருந்து பிறந்தது: தெரிந்தவர் வீட்டு முகவரி வந்தால் சத்தத்தைக் குறை, பிறகு அவரைப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவர்போல் இரு.

நவம்பரின் முதல் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. வெளியே அறுவடை முடிந்த சோளக்காட்டின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. வெர்லின் சமையலறையில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஸ்கேனரில் ஒரு புதுக் குரல் வந்தது. இளம் பெண் குரல், அவசரமே இல்லாத குரல்.

"மேற்கு எழுநூறாம் ரோடு, நானூத்திப் பதினெட்டு. அறுபது தாண்டின ஆம்பள. சமையலறைத் தரையில கெடக்கறாரு. மூச்சு இல்ல."

அது அவருடைய வீடு.

கரண்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். தரையில் யாரும் இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்று "வர்றோம்" என்றது. அவர் ஜன்னலருகே நின்று காத்திருந்தார். பனிக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. இரண்டு மணி பத்தொன்பதுக்கு ஓர் ஆண் குரல், "முடிஞ்சிருச்சு. நேரம் குறிச்சுக்கோங்க" என்றது. அதன் பிறகு இரைச்சல். அடுப்பில் சூப் தீய்ந்த வாடை.

அடுத்த செவ்வாய், அதே இரண்டு மணி, அதே குரல். இந்த முறை ஒரு விவரம் கூடியிருந்தது. "செவப்புக் கட்டம் போட்ட சட்டை."

வெர்லின் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். சிவப்புக் கட்டம்.

அன்று மாலை மனைவி லவானிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வெளியே சொல்லக்கூடாது என்பது நினைவுக்கு வந்து, பொண்டாட்டி 'வெளியே' ஆவாளா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டார்.

"சரி, ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளு" என்றாள் அவள், துணியை மடித்துக்கொண்டே.

"எப்படிக் கேக்கறது? ஸ்கேனர்ல கேட்டத வெச்சு நான் காரியம் பண்ணினதா ஆயிடும்."

"நீ சாகறது ஒரு காரியமா, இல்லயா?"

"அதே தப்புக்குத்தான், லவான், ஹார்லன நீக்கினேன்."

"ஆமா, ஹார்லன நீக்கின பெரிய நியாயஸ்தன் நீ. கல்லறையில எழுதி வெக்கறேன், விதிய மீறாம செத்தார்னு." இன்னும் இரண்டு துணி மடித்தபின் அவள் குரல் இறங்கியது. "வெர்லின், அந்தச் சட்டைய இனிமே போடாத."

சட்டையை எரித்தார்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம், வழக்கம்போல நெடுஞ்சாலை உணவகத்தில். வெர்லின் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கடிக்கப்போன டோய்ல் அதை அப்படியே தட்டில் வைத்தார். பெர்னீஸ் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். இருபது வருடப் பழக்கத்தில் அவள் யாருக்கும் நாற்காலி கொடுத்ததில்லை.

"நல்லா இருக்கீங்களா தலைவரே?" என்றார் டோய்ல்.

"நல்லா இருக்கேனே. ஏன்?"

"சும்மாதான். நல்லா இருந்தாச் சரி."

"தலைவருக்கு ஒரு ஆப்பிள் பை கொண்டாங்க" என்று பெர்னீஸ் பணிப்பெண்ணிடம் சொன்னாள். "பெரிய துண்டா. இனிப்பெல்லாம் பாக்காதீங்க தலைவரே, சாப்பிடுங்க. இனிமே என்ன."

அந்த 'இனிமே என்ன' மேசை நடுவில் கிடந்தது. நான்காவது உறுப்பினர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். வெர்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு செவ்வாயும் கேட்டிருக்கிறார்கள். முகவரி வந்ததும் மரியாதையாகச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். கேட்டீர்களா என்று அவரால் கேட்க முடியாது. கேட்டோம் என்று அவர்களாலும் சொல்ல முடியாது. தன்னுடைய சாவுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து, அவர் ஆப்பிள் பை சாப்பிட்டார். கடைசியாக, துணைத் தலைவர் பதவியை உருவாக்கலாமா என்று டோய்ல் தரையைப் பார்த்தபடி முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

மூன்றாம் செவ்வாய் காலையிலேயே லவான் காரை எடுத்தாள். "வா, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்."

"தலைவன் ஓடினான்னு ஆயிடும்."

"ஓடின தலைவன் உயிரோட இருப்பான்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காரிலேயே காத்திருந்தாள். பிறகு போய்விட்டாள்.

நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு வெர்லின் சமையலறையில் உட்கார்ந்தார். தரையில் விழ முடியாதபடி நாற்காலியை மேசையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார். பனி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்று ஐம்பத்தொன்பது. கை தானாகப் போனை எடுத்தது. வைக்கப் போனார்.

"மேற்கு எழுநூறாம் ரோடு, நானூத்திப் பதினெட்டு" என்றது குரல். "அறுபது தாண்டின ஆம்பள. தனியா இருக்காரு. கையில போன் இருக்கு."

இடது தோளில் ஏதோ இறுகியது. இருபது வருடமாக அவர் கேட்ட சாவுகள் எல்லாம் இதே ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தன, ஒன்றுகூடப் பொய்யானதில்லை. விதியா உயிரா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் விரல் எண்களை அழுத்திவிட்டது. அந்த நிலையிலும் அவசர எண்ணை அழைக்காமல், சாதாரண விசாரணை எண்ணையே அழைத்தார்.

"ஷெரிஃப் ஆபீஸ்" என்றாள் ஒரு பெண். எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"நான் வெர்லின் ஸ்டக்கி. உங்க வானலைப் பேச்சக் கேட்டேன். அத வெச்சு இப்ப போனும் பண்றேன். ரெண்டையும் ஒத்துக்கறேன். சங்கத் தலைவர் பதவியிலேருந்து வெலகறேன். நான் சாகப்போறேனான்னு மட்டும் சொல்லுங்க."

மெல்லுவது நின்றது. அவர் முகவரியைச் சொன்னார்.

"அய்யோ, அது புது ஆளுங்களுக்குப் பயிற்சி சார். இந்த மாசம் எல்லா செவ்வாயும் உண்டு. பயிற்சிதான்னு ஒண்ணே முக்காலுக்கே ரோடு துறை சேனல்ல சொல்லிடறோமே."

ரோடு துறை சேனலில் பேசுகிறவர் ஏப்பம் விடுகிறார் என்பதற்காக, சங்கம் அதைக் கேட்பதில்லை என்று தீர்மானம் போட்டிருந்தது.

"செவப்புக் கட்டம் போட்ட சட்டைன்னு சொன்னாங்களே."

"இந்த ஊர்ல வேற என்ன சட்டை சார் போடறாங்க? அப்புறம் கேட்டதுக்கெல்லாம் எதுக்குப் பதவி வெலகறீங்க. எங்கம்மா பாத்திரம் கழுவும்போது தெனம் கேக்கறாங்க."

தோளில் இறுகியது மெல்ல இளகியது. வெர்லின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவருக்குரிய குரல் திரும்பிவிட்டது.

"ஒரு குடிமகனோட முகவரியை, அதுவும் ஒரு சங்கத் தலைவரோட முகவரியை, எந்த அடிப்படையில எடுத்தீங்க?"

அவள் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பயிற்சிக்கு எப்போதும் ஆளில்லாத வீடுகளைத்தான் எடுப்பார்கள் என்றாள். பட்டியலில் அந்த வீடு பதினோரு வருடமாகக் காலி.