கிம்ச்சிக்கு உறை ஊற்றியவள்

1.
இந்தக் கதையை யாங்சுன் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய நாத்தனார் பில்யே சொன்னாள், அதுவும் திட்டிக்கொண்டே. கொரியாவில், ஹேனாம் சந்தைக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எழுது, நல்லா எழுது. அவ எவ்வளவு பெரிய அழுத்தக்காரின்னு ஊருக்கே தெரியட்டும்."

திட்டுகிறவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2.
'யாங்சுனின் வாழ்வைப் பேரிருள் சூழ்ந்த அந்த...'

இல்லை, அடித்துவிட்டேன். இருளெல்லாம் சூழவில்லை. காய்ச்சல் வந்தது, போகும்போது மூக்கின் வாசனையையும் நாக்கின் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது என்றால் சமாளித்திருப்பார்கள். அவளோ பள்ளிக்கூடங்களுக்குக் கிம்ச்சி, அதாவது மிளகாய் விழுது தடவிப் புளிக்கவைத்த கோஸ் ஊறுகாய், போட்டு அனுப்புகிறவள். பூண்டு எவ்வளவு, மீன்சாறு எவ்வளவு என்பதெல்லாம் அவள் நாக்கு சொல்லும் கணக்கு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி பார்ப்பதுபோல் மென்று தலையாட்டினாள். கிம்ச்சி ஒரு தடவை தேறியது, மறுதடவை புளித்துக் குழைந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி தொட்டிகளைத் திருப்பி அனுப்பினாள்.

"பிள்ளைங்க தொடவே மாட்டேங்குதுங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்குவோம்."

3.
(இங்கே கொஞ்சம் கட்டுரை வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கோஸைப் புளிக்கவைப்பவை இலையிலும் பூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிர்கள். எது முந்திப் பெருகுகிறதோ அதன் குணம்தான் ருசி. நாம் நல்ல தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலுக்கு உறை ஊற்றுகிறோம் இல்லையா? நல்ல கிம்ச்சியிலிருந்து நல்ல கிருமியைப் பிரித்து, வளர்த்து, புதுக் கிம்ச்சிக்கும் அப்படி உறை ஊற்றலாம். கோஸ் மொறுமொறுப்பு குலையாமல் நிற்கும். புளிப்பு நிதானமாக ஏறும்.

'இதைக் கேள்விப்பட்டபோது யாங்சுனின் மனத்தில்...' (அவள் மனத்தில் என்ன ஓடியது என்று பில்யேவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செய்ததைச் சொல்கிறேன்.)

காய்ச்சலுக்கு முன் போட்ட கடைசி ஜாடியைத் தூக்கிக்கொண்டு குவாங்ஜூவுக்குப் போனாள். அங்கே ஆய்வுக்கூடம் நடத்துகிற பாங் அதைத் திறந்து பார்த்தார்.

"ரொம்பப் பழுத்துடுச்சும்மா. நாம தேடுற கிருமி இந்தப் புளிப்புல செத்திருக்கும்."

"ஒண்ணாவது ஒளிஞ்சு கெடக்கும், தேடுங்க. நான் போட்டது. லேசுல சாகாது."

பாங் சிரித்துவிட்டார். தேடினார். கிடைத்தது.

அதை வளர்த்து ஊற்றிய முதல் சோதனை சப்பென்று போனது. அடுத்தது குழைந்தது. உப்பையும் குளிரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் அவளே வாயில் போட்டாள். அந்தக் கிருமி ஒழுங்காக வேலை செய்தால் சாற்றில் சோடாபோல் காற்று ஏறும். அந்தக் குத்தலுக்கு ருசி வேண்டியதில்லை, தோலுக்குத் தெரிந்தால் போதும். ஒரு நாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

"குத்துது. ஐயா, நாக்குல குத்துது!"

4.
பில்யேவை வில்லியாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முயன்றேன், அடங்க மறுத்தாள். திட்டிய திட்டையெல்லாம் மறைக்காமல் அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"பொட்டலத்துக் கிருமியக் கொட்டிக் கிம்ச்சியா? உன் கைக்கு என்னடி கேடு? எங்கம்மா இருந்திருந்தா உன்னையும் சேத்து உப்புத் தொட்டியில முக்கியிருப்பா!"

யாங்சுன் ஒரு துண்டை நீட்டினாள். பில்யே மென்றாள். தானே இன்னொரு துண்டு எடுத்தாள்.

"பழைய மாதிரியே இருக்கு."

"நெஜமாவா அண்ணி?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எதுவுமே ருசிக்கல."

5.
அந்தக் கிம்ச்சியைப் பிள்ளைகள் மறுபடி கேட்டு வாங்கித் தின்றார்கள், பள்ளிக்கூடமும் கைவிடவில்லை. அதில் சந்தேகமே வேண்டாம். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

"ருசி தெரியலன்னு சொன்னதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு அது?" என்று பில்யே கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள்.

'அடிப்பாவி, என்கிட்டகூடச் சொல்லலியே' என்று எழுதினேன். அழவைக்கப் பார்க்கிறேன், அடித்தேன். 'இனிமே நான் ருசி பாத்துச் சொல்றேன்' என்று எழுதினேன். பில்யே அவ்வளவு சுலபமாக இறங்கிவருகிறவள் இல்லை. [...]

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கை நிறைய மிளகாய் விழுதோடு யாங்சுன் பில்யேவின் எதிரே நிற்கிறாள். கண்ணைத் துடைக்கக்கூட அவளால் முடியாது.