கம்போடு போன புடவை

எங்கள் கொள்ளுக் காட்டு வேலியில் கட்டியிருந்த அம்மாவின் ஊதாப் புடவையை ஓர் ஆண் புள்ளிமான் கொம்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டது. புடவை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அதன் முனையில் மூன்றடி மூங்கில் கம்பும் சேர்ந்து போயிருந்தது. அதற்குக் காரணம் நான்.

வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் பக்கம் பழைய புடவைகள்தான் வேலி. துணி காற்றில் ஆடினால் மான் கிட்டே வரத் தயங்கும். கட்டுவதற்கு ஒரு முறை உண்டு, இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற ஒற்றை முடிச்சு. மாட்டிய மிருகம் துணியோடு ஓடிப்போய் எங்காவது உதறிவிடும். எனக்கோ அது சோம்பேறி வேலையாகத் தெரிந்தது. காற்றடித்தால் அவிழ்கிறதே! போன வாரம் ஒரே நாளில் முப்பத்திரண்டு கம்பிலும் இரட்டை முடிச்சுப் போட்டு, நைலான் கயிற்றால் இறுக்கி, படமெடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன். விலங்கியல் படித்தவள் என்ற நினைப்பு வேறு.

வனக்காவலர் மாதேஸ்வரன் அண்ணன்தான் வந்து சொன்னார். கம்பு புதரில் சிக்கச் சிக்க, புடவை மானின் கழுத்தை இறுக்குகிறதாம். மந்தையோடு ஓட முடியாமல் பின்தங்குகிறதாம். நாய்கள் பார்த்தால் அவ்வளவுதான். தருமபுரியிலிருந்து மயக்க ஊசித் துப்பாக்கியோடு கால்நடை மருத்துவர் நிர்மலாதேவி வந்தார். துரத்தினால் பயத்திலேயே மான் செத்துவிடும், அது பதற்றமில்லாமல் நிற்கும்போதுதான் சுட முடியும் என்றார்.

இரண்டு காலைகள் கம்பு இழுபட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டே காட்டுக்குள் போனோம். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கோயில் திருநீறை எடுத்துத் சிட்டிகை சிட்டிகையாகக் காற்றில் விடுவார். அது எங்கள் முகத்துக்கு வந்தால் நடப்போம், முன்னால் பறந்தால் எங்கள் வாடை மானுக்குப் போய்விடும் என்று சுற்றிப் போவோம். முதல் நாள் நான் சருகை மிதித்தேன். இரண்டாம் நாள் நன்றாகப் பார்க்கலாமே என்று எழுந்து நின்றேன். இரண்டு முறையும் மான் போய்விட்டது.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கற கண்ணு?" என்றார் அண்ணன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று மாலை நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா கொள்ளுக் காட்டைத் திரும்பிப் பார்த்தாள். கொள்ளு பூத்திருந்தது. இந்த வருடம் எங்களுக்கு இருந்த ஒரே வெள்ளாமை.

"மலைப் பக்கத்து வேலியப் பிரிச்சு வுடுங்க. தின்ன வந்தா நிக்குமில்ல" என்றாள்.

"மொத்த மந்தையும் எறங்கிருமேக்கா" என்றார் அண்ணன்.

"எறங்கட்டும். நாம கட்டுனதுதான அது கழுத்துல கெடக்குது."

நாம என்றாள். இருட்டுவதற்குள் நானும் அண்ணனும் மலைப் பக்கத்துக் கம்புகளைத் துணி கட்டியபடியே பிடுங்கிச் சாய்த்தோம்.

மறுநாள் விடியலில் மருத்துவரும் அண்ணனும் நானும் மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். முதலில் பெட்டைகள் வந்தன. பூவும் இலையுமாகக் கொள்ளு மொறுமொறுவென்று போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, கம்பு தரையில் உரசும் சத்தம். விலா எலும்பு தெரிய அது வந்து நின்றது.

ஊசி தொடையில் தைத்தது. மான் துள்ளி, நாலு அடி நகர்ந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒக்காரு கண்ணு. நீ ஓடுனா அது ஓடும். ஓடுனா செத்துரும்."

உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. எறும்பு காலில் ஏறிக் கடித்தது, அசையவில்லை. மான் முன்னங்காலை மடித்து மெதுவாகச் சாய்ந்தது.

மருத்துவர் புடவையை அறுத்தார். கழுத்தில் ரோமம் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. கண்ணை மூட ஒரு துணி கேட்டார். அறுத்த ஊதாத் துண்டையே மடித்து அதன் கண்மேல் போட்டுப் பிடித்துக்கொண்டேன். மூச்சு என் விரல்களில் சுடச்சுட வந்துபோனது. மயக்கம் தெளிய மாற்று ஊசி போட்டு எல்லோரும் விலகினோம். அது தள்ளாடி எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பிரித்துவிட்ட இடம் வழியாகக் காட்டுக்குள் நடந்தது. பத்தடி தாண்டியதும் ஓடியது.

அம்மா மேய்ந்த இடத்தைச் சுற்றி வந்தாள். பாதிக்கு மேல் போயிருந்தது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.

"அறுத்துராதடி. துணி வேணும். அவுத்துக் கட்டு" என்றாள் பின்னாலிருந்து.

அரிவாளைக் கீழே வைத்தேன். இன்னும் முப்பத்தொரு கம்பு இருந்தது. முதல் முடிச்சு நகத்துக்கு அசையவே இல்லை. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.